இந்தப் பூவை வரைந்தது யார்?

தீபாவளிக்கு எடுத்த சுடிதாரும் எதிர்வீட்டு ஜன்னல் திரையும் ஒரே டிசைனில் இருப்பது ஏன்? துணியில் ஏறும் பூவும் கொடியும் எங்கே பிறக்கின்றன, எப்படிக் களவு போகின்றன, வரைந்தவருக்கு என்ன மிஞ்சுகிறது?

ஈரோட்டுப் பக்கத்துப் பிரிண்டிங் பட்டறை ஒன்றின் காலை நேரம். நீண்ட டேபிளின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்ட வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் ஆள். ஸ்கிரீனை வைத்து, கலர் பேஸ்ட்டை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. தூக்கி அடுத்த இடம், மறுபடி ஓர் இழுப்பு. சிவப்புக்கு ஒரு ஸ்கிரீன், பச்சைக்கு ஒன்று, கருப்பு அவுட்லைனுக்கு ஒன்று. மூன்றாவது ஸ்கிரீன் ஒரு நூல் விலகினாலும் இலை ஒரு பக்கம், அதன் நரம்பு ஒரு பக்கம்.

ஜவுளி வியாபாரி ஒருவர் வந்து செல்போனை நீட்டுகிறார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பூவு அப்படியே வேணுமுங்க. தீபாவளிக்கு ஆயிரம் பீஸு."

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இது போன வாரமே ஓடிருச்சுங்களே. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு இதே போட்டோவத்தான் காட்டுனாங்க."

"பரவால்லீங்கண்ணா. கலர மட்டும் மாத்திப் போட்டுருங்க."

பேரம் முடிந்தது. வியாபாரி அந்தப் படத்தை ஏதோ ஓர் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்திருப்பார். அந்தக் கடைக்காரர் வேறொரு ஊர் கேட்லாக்கில் பார்த்திருப்பார். கேட்லாக் போட்டவர் எங்கே எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. பூவை முதன்முதலில் பென்சிலால் வரைந்த கை எது என்ற கேள்வி அந்தப் பட்டறையில் எழவே இல்லை. எழாமல் போவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் இன்று டிசைன் மாணவர்கள், கைவினைஞர்கள், ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் பேசும் விஷயம்.

ஸ்கிரீன் செலவு குறைந்தது, யோசனையும் குறைந்தது

பழைய முறையில் ஒரு டிசைனைத் துணியில் ஏற்றுவது சின்னக் காரியமில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் 1963-ல் ரோட்டரி ஸ்கிரீன் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் அங்கும் எட்டு நிறம் என்றால் எட்டு நிக்கல் உருளை. உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. டிசைன் அதற்குள் முடிந்து, விட்ட இடத்திலேயே பிசிறில்லாமல் மறுபடி தொடங்க வேண்டும்.

செலவு கையைக் கடிக்கும் என்பதால், ஸ்கிரீன் தயாரிக்கும் முன் டிசைனரும் முதலாளியும் மாஸ்டரும் உட்கார்ந்து பேசுவார்கள். பூ இவ்வளவு பெரிதாக வேண்டுமா, இந்த ஐந்தாவது நிறம் இல்லாமல் முடியாதா, சேலையின் மடிப்பில் விழுந்தால் இந்தக் கொடி எப்படித் தெரியும்? பிறகு கொஞ்சம் துணியில் 'ஸ்ட்ரைக் ஆஃப்' எனப்படும் சாம்பிள் அடித்துப் பார்த்து, திருத்தி, மறுபடி அடிப்பார்கள்.

டிஜிட்டல் பிரிண்டிங்கில் ஸ்கிரீனே கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள படம் இங்க்ஜெட் வழியாக நேரே துணிக்குப் போகிறது. பருத்திக்கு ரியாக்டிவ் மை, பாலியஸ்டருக்கு சப்ளிமேஷன். நூறு நிறம் என்றாலும் கூடுதல் ஸ்கிரீன் செலவு இல்லை. ஒரே ஒரு மீட்டர் வேண்டுமென்றாலும் அடித்துத் தருவார்கள். வீட்டிலிருந்தே சின்ன பிராண்ட் தொடங்கிய பல பெண்களுக்கு இது பெரிய வரம், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வசதி ஒரு தடுப்பையும் சேர்த்தே எடுத்துவிட்டது. யோசிக்க வைத்த செலவு போனதும் படத்தைத் தேடுவதே டிசைன் செய்வதாகிவிட்டது. பின்ட்ரஸ்டில் 'ஃப்ளோரல் பேட்டர்ன்' என்று தேடினால் கோயம்புத்தூர் மாணவிக்கும் கொழும்பு டிசைனருக்கும் இஸ்தான்புல் முதலாளிக்கும் ஏறக்குறைய ஒரே படங்கள்தான் முன்னால் வருகின்றன. ஊற்று ஒன்றாக இருக்கும்போது துணி மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

கடல் தாண்டி வந்த கடிதம்

'அப்படியானால் எதையும் பார்க்காமல் வரைய வேண்டுமா?' என்று கேட்கலாம். கலப்பில்லாத டிசைன் என்று ஒன்று உலகத்தில் இருந்ததில்லை. அதற்கு நம் சோழமண்டலக் கரையே சாட்சி.

பழவேற்காடு, மதராஸ், புதுச்சேரி, மசூலிப்பட்டினம் வழியாகக் கப்பலேறிய சாயத்துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவை ஆட்டிப்படைத்தன. அந்தப் படுக்கை விரிப்புகளில் வளைந்து நிற்கும் பெரிய பூமரத்தைப் 'பழமையான இந்திய டிசைன்' என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். 1643-ல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் எழுதிய கடிதம் வேறு கதை சொல்கிறது. சிவப்புத் தரை (பின்னணி) இங்கே விலைபோகவில்லை, வெள்ளைத் தரையில் பூவும் கிளையும் போட்டு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். பிறகு மாதிரிப் படங்களும் கப்பலில் வந்தன. நம் கைவினைஞர்கள் அவற்றைப் பார்த்தார்கள். பாரசீகக் கொடி, சீனப் பாறை, ஐரோப்பியப் பூ எல்லாவற்றையும் தங்கள் கைவழக்கத்தில் போட்டு உருக்கினார்கள். வந்தது எதுவும் வந்தபடி வெளியே போகவில்லை. உலகத்தில் எந்தச் செடியிலும் பூக்காத பூக்கள் அந்த மரத்தில் பூத்தன.

பதிலுக்கு ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. 1734-ல் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, சாயம் போடும் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு பாரீசுக்குக் கொண்டுபோனார். அந்தத் துண்டுகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. 1742-ல் கேர்தூ என்ற பாதிரியார், கிறிஸ்தவத்துக்கு மாறிய கைவினைஞர்களிடம் கேட்டறிந்த செய்முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். இன்றைய மொழியில் சொன்னால், தொழில் ரகசியம் போனது.

> பெட்டிச் செய்தி: நம் துணிக்குப் போட்ட தடை
>
> - 1686: சாயம் அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணிகளுக்கு பிரான்ஸ் தடை. 1759 வரை நீடித்தது.
> - 1700: அச்சிட்ட இந்தியத் துணி இறக்குமதியைத் தடுத்து இங்கிலாந்து சட்டம்.
> - 1721: அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் இங்கிலாந்தில் தடை. 1774-ல் விலக்கம்.
> - 1760: தடை நீங்கிய கையோடு பாரீஸ் அருகே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுத்துணிப் பட்டறையைத் தொடங்கினார்.
> - 1783: ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் பெல், செம்பு உருளையில் துணி அச்சிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கை அச்சின் வேகம் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

தாயின் பூ, மகளின் காடு

பார்த்துச் செய்வதற்கும் பார்த்து எடுப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரே குடும்பத்தின் கதை காட்டிவிடுகிறது.

பின்லாந்தின் புகழ்பெற்ற துணி நிறுவனம் மரிமெக்கோ. அதன் நிறுவனர் ஆர்மி ராட்டியா, பூ டிசைனே வேண்டாம் என்றார். செடியில் இருக்கும் அழகைத் துணியில் கொண்டுவர முடியாது என்பது அவர் கட்சி. மாயா ஈசோலா என்ற டிசைனர் அதைக் கேட்டுக்கொண்டு, 1964-ல் வேண்டுமென்றே கசகசாப் பூவை வரைந்தார். நரம்பு இல்லை, நிழல் இல்லை. கத்தரியால் வெட்டி ஒட்டியது போன்ற பெரிய, முரட்டுப் பூ. 'உனிக்கோ' என்ற அந்த டிசைன் 60 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய மகள் கிறிஸ்டினா ஈசோலாவும் அதே நிறுவனத்தின் டிசைனர். அவர் வரைந்த காட்டுக் காட்சி ஒன்று ஃபின்ஏர் விமானத்தின் உடம்பிலேயே தீட்டப்பட்டுப் பறந்தது. 2013-ல் குட்டு வெளிப்பட்டது. உக்ரைன் கிராமத்து ஓவியர் மரியா பிரிமாச்சென்கோ 1963-ல் வரைந்த ஓவியத்தை அது ஒத்திருந்தது. கிறிஸ்டினா நகலை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விமானத்திலிருந்து படத்தை எடுத்துவிட ஃபின்ஏர் முடிவு செய்தது.

தாய் எல்லோர் தோட்டத்திலும் இருக்கும் பூவைப் பார்த்து யாரும் வரையாத பூவை வரைந்தார். மகள் ஒருவர் ஏற்கெனவே பார்த்து முடித்ததை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1883-ல் செய்த 'ஸ்ட்ராபெரி திருடன்' டிசைனின் கருவும் வீட்டுத் தோட்டம்தான். கெல்ம்ஸ்காட் வீட்டில் வலைக்குள் புகுந்து பழம் தின்னும் பறவைகளை விரட்ட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, அவற்றைத் துணியில் ஏற்றினார். ஆனால் பறவையைக் கண்டது மட்டும் போதவில்லை. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடத்தில் நிறத்தை வெளுத்து எடுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் கடினமான முறையை அவர் பல ஆண்டுகள் பழகியிருந்தார். அந்தக் கைப்பழக்கம் இல்லாதிருந்தால் பறவை நோட்டுப் புத்தகத்திலேயே நின்றிருக்கும்.

நிறம் தெரியாமல் நிறம் தீட்டுகிறவர்கள்

கலம்காரி செய்பவரின் அருகே உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறிக் காய்ந்த துணி. மூங்கில் குச்சியின் முனையில் துணியோ கம்பளி நூலோ சுற்றியிருக்கும். விரலால் அழுத்தினால் மை இறங்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது அங்கேயே கறுக்கிறது. பால் இருப்பதால் கோடு பரவுவதில்லை. அடுத்தது சிவப்பு. குச்சியில் இப்போது இருப்பது படிகார நீர். துணியில் தொட்டால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. துணியைச் சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் தொட்ட இடமெல்லாம் சிவக்கும். வரைகிறவர் தன் கண்ணில் படாத நிறத்தை மனதில் வைத்து வரைகிறார்.

எந்தப் பூவுக்கு எவ்வளவு இதழ், எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்பதையெல்லாம் இந்த வேதியியலே பாதி முடிவு செய்கிறது. கொள்ளிடக் கரைக் கோடாலிக்கருப்பூரில் ஒரு காலத்தில் சரிகை நெய்த துணியின் மேலேயே மெழுகும் சாயமும் ஏற்றி, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குச் சேலை செய்தார்கள். அரசு போனதும் அந்தச் சேலையும் போனது. தேர்த்தொம்பை, அஸ்மானகிரி என்ற விதானம், தோரணம் என்று கோயிலுக்கு எழுதும் துணி மட்டும் தப்பிப் பிழைத்து, 2021-ல் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. தொம்பை உருளையாகத் தொங்குவது. சுற்றிவந்து பார்க்கும்போது படம் அறுபடக் கூடாது. துணி தொங்கும் விதமே டிசைனை வகுத்துவிடுகிறது.

மதுரை சுங்குடியும் அப்படியே. சௌராஷ்டிரக் குடும்பங்களின் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிந்து, சாயம் தோய்த்த பின் அவிழ்ப்பார்கள். முடிந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. முடிச்சால் புள்ளிதான் போட முடியும். ஆகவே புள்ளிகளை அடுக்கும் வித்தையில் அவர்கள் கைதேர்ந்தார்கள்.

 

ஊடுபுள்ளி தெரிந்தவருக்கு ரிபீட் தெரியும்

டிசைன் படிக்கச் சேரும் பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறும் இடம் 'ரிபீட்'. ஒரு பூவை அழகாக வரைந்துவிடுவார்கள். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் குளியலறை டைல்ஸ் ஒட்டியது போல் கட்டம் கட்டமாகத் தெரியும். கண்ணுக்குக் கட்டம் தெரியாமல் இருக்க, அடுத்த வரிசையைப் பாதி தள்ளி வைக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 'பிரிக்', மேல்கீழாகத் தள்ளினால் 'ஹாஃப் டிராப்'. இதைக் கற்றுக்கொடுக்க ஆங்கிலப் புத்தகங்களும் வீடியோக்களும் ஏராளம்.

மார்கழியில் வாசலில் குனிந்து '15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை' என்று வைக்கிற அம்மா செய்வதும் அதேதான். நேர்ப்புள்ளி என்றால் வரிசைகள் நேருக்கு நேர். ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி. எந்தப் புள்ளிக்கு எந்தக் கோலம் ஒத்துவரும் என்பது அவர் கைக்கே தெரியும். இந்த ஒழுங்கைக் கணினி அறிவியலும் கவனித்திருக்கிறது: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளாகப் பிரித்து 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

கோலத்தைப் போட்டோ எடுத்து அப்படியே குர்தாவில் அடிப்பது சோம்பேறித்தனம். கோலத்தின் ஒழுங்கை எடுத்து, புள்ளி இருக்கும் இடத்தில் முருங்கைப்பூவையோ சாவிக்கொத்தையோ வைத்துப் பாருங்கள். அங்கே தொடங்குகிறது டிசைன்.

> பெட்டிச் செய்தி: எங்கே போய்ப் பார்க்கலாம்?
>
> - சித்தன்னவாசல், புதுக்கோட்டை: தாமரைக் குளம் ஓவியத்துக்குப் பெயர்போன குகை. சிலைகளுக்கு மேலே விதானத் துணி விரித்தது போலக் கட்டமும் வட்டமுமாக ஒரு டிசைனும் இருக்கிறது. கல்லில் தீட்டிய துணி!
> - லேபாட்சி, ஆந்திரம்: 16-ஆம் நூற்றாண்டு விஜயநகரக் கோயில். சேலைக் கரைகளுக்கு இன்றும் முன்மாதிரியாகும் வடிவங்கள் தூண்களில் வரிசையாக இருக்கின்றன.
> - கலாக்ஷேத்ரா, சென்னை: தறியும் இயற்கைச் சாய அச்சும் நடக்கும் இடம்.
> - காலிகோ அருங்காட்சியகம், அகமதாபாத்: 1949-ல் தொடங்கியது. இந்தியத் துணிகளின் பெருந்தொகுப்பு, முன்பதிவு அவசியம்.
> - செலவில்லாத இடங்கள்: பூக்கடை, செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடித் தரை, பத்தமடைப் பாய், அடுப்படி ஜன்னல் கம்பி. கேமராவுக்குப் பதில் பென்சில் கொண்டுபோங்கள். வரைந்தால்தான் கண் நிற்கும்.

பெயர் மட்டும் மிஞ்சும்போது

இப்போது விளைவுகளுக்கு வருவோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கடைத்தெருவில் 'சுங்குடி' என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்டோதான். புள்ளி இருக்கும், முடிச்சு இருக்காது. ஆயிரக்கணக்கான முடிச்சைக் கையால் போட்ட சேலையும் ஒரே மூச்சில் அச்சடித்த சேலையும் ஒரே பெயரில் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும்போது, வாங்குகிறவர் கை விலை குறைந்ததைத்தான் தொடும். முடிச்சுப் போட்ட பெண்ணுக்குக் கூலி கட்டுப்படியாகாது. மகளுக்கு அவர் அதைச் சொல்லித் தரமாட்டார். அச்சுச் சுங்குடியை நம்பியும் மதுரையில் குடும்பங்கள் பிழைக்கின்றன. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 'இது அச்சு, இது முடிச்சு' என்று கடைக்காரர் சொல்லி விற்றால் இரண்டுமே பிழைக்கும்.

நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளிப் போர்வைக்கு 2013-ல் குறியீடு கிடைத்தது. வெளிர்நிறத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போடும் தையல் அது. அந்தக் கட்டங்களைப் படமெடுத்து மெஷினில் அச்சடிப்பது மிகச் சுலபம். புவிசார் குறியீடு முதன்மையாகக் காப்பது பெயரையும் அந்தப் பொருளையும். 'தோடர் எம்பிராய்டரி' என்று பொய் சொல்லி விற்றால் பிடிக்கலாம். பெயரே சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவரைப் பிடிப்பது எளிதல்ல.

வாங்குகிறவர்களுக்கும் டிசைனில் பங்கு உண்டு என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்கா நல்ல உதாரணம். நெதர்லாந்தின் ஹெல்மோண்ட் நகரில் 1846-ல் தொடங்கிய விளிஸ்கோ நிறுவனம், மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக் துணியை இயந்திரத்தில் நகல் செய்தது. மெழுகு வெடித்து விழும் கீறல்களை ஜாவாவில் குறை என்றார்கள். ஆப்பிரிக்காவில் அதையே அழகு என்றார்கள். அங்கே சந்தைப் பெண்கள் ஒவ்வொரு டிசைனுக்கும் தாங்களே பெயர் வைத்தார்கள். கூண்டைவிட்டுப் பறவை பறக்கும் டிசைனுக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பெயர். கணவனுக்கு மனைவி விடும் எச்சரிக்கை! நகலாகப் பிறந்த துணியை அந்தப் பெண்கள் தங்கள் பேச்சாக்கிக்கொண்டார்கள். லாபத்தின் பெரும்பங்கு மட்டும் நீண்டகாலம் ஹெல்மோண்டுக்கே போனது.

51-வது துணி

இந்தியச் சட்டத்தில் துணி டிசைனர்கள் பலர் அறியாத ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் ஒரு படம் வரைந்தால் பதிவு செய்யாமலே அதற்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அதே படத்தைத் துணியில் டிசைனாக ஏற்றினால் விதி மாறுகிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 15(2)-வது பிரிவின்படி, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்திருக்கக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை அத்தோடு போய்விடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சோபா துணி டிசைன்களைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இதை விரிவாகப் பேசியது. 2016-ல் ரீத்து குமார் என்ற பெயரில் ஆடை விற்கும் நிறுவனம், தன் டிசைன்களைப் பயன்படுத்தியதாக பீபா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கும் இதே பிரிவில் தடுக்கி விழுந்தது. வாதிட்ட டிசைன்கள் பதிவு செய்யப்படவில்லை, 50-ஐத் தாண்டி உற்பத்தியாகிவிட்டன என்பதால் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் வீட்டு மாடியில் பிராண்ட் நடத்துகிறவரை நினைத்துப் பாருங்கள்.

பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு. மீறுகிறவரிடம் ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரே டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை கோரலாம். அல்லது நஷ்டஈட்டு வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கலாம். லட்சக்கணக்கில் ஓடும் நகலுக்கு 50,000 ரூபாய் என்பது வியாபாரச் செலவுக் கணக்கில் கரைந்துவிடும் தொகை. இந்த உச்சவரம்பை உயர்த்தக் கோருவது நியாயமே.

> பெட்டிச் செய்தி: டிசைனர்கள் கவனத்துக்கு
>
> - முதலில் பதிவு, பிறகு இன்ஸ்டாகிராம். விண்ணப்பத்துக்கு முன்பே உலகில் எங்காவது வெளியாகிவிட்ட டிசைன் 'புதியது' என்ற தகுதியை இழக்கும். நீங்களே வெளியிட்டிருந்தாலும் சரி.
> - துணி டிசைன்கள் 5-வது வகுப்பில் வரும். சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்திலும் ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம்.
> - தேதியிட்ட பென்சில் ஸ்கெட்ச், நிறச் சோதனை, ஸ்ட்ரைக் ஆஃப் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் அவைதான் சாட்சி.
> - வேலைக்குச் சேரும்போதும் ஃப்ரீலான்ஸாகக் கொடுக்கும்போதும் டிசைன் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பென்சில் முனையில் நொய்யல்

டிசைனர் கம்ப்யூட்டரில் 'தரை' நிறத்தை வெள்ளையிலிருந்து அடர்நீலமாக மாற்ற ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி ஆற்றில் போய் முடிகிறது. ரியாக்டிவ் சாயத்தில் அச்சடித்த துணியை நீராவியில் வேகவைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும். துணி முழுவதையும் அடர்நிறம் மூடியிருந்தால் சாயமும் அதிகம், அலசும் தண்ணீரும் அதிகம். நிறம் கூடக்கூட வாளியில் மிஞ்சும் பேஸ்ட்டும், ஸ்கிரீன் கழுவும் தண்ணீரும் கூடும்.

கொங்கு மண்டலத்துக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல, அனுபவித்த கதை. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் பட்ட பாடு ஊரே அறியும். அந்த விவாதத்தில் விவசாயி, முதலாளி, அதிகாரி எல்லோரும் பேசினார்கள். டிசைனரை யாரும் கேட்கவில்லை. ஆறு நிறத்தில் செய்ததை மூன்று நிறத்தில் செய்யத் தெரிந்த டிசைனர், தண்ணீர்க் கணக்கில் சுத்திகரிப்பு இன்ஜினீயருக்கு முன்னால் நிற்க வேண்டியவர். கலம்காரிக்காரர்களிடம் கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நான்கைந்து நிறங்களே இருந்தன. உலகம் முழுவதும் விற்க அவை போதுமாயிருந்தன.

ஏஐ வரைந்தால் யாருக்குச் சொந்தம்?

இப்போது புதிதாக ஒரு வரவு. 'செட்டிநாடு ஸ்டைலில் தாமரை டிசைன்' என்று தட்டினால் ஏஐ நொடியில் நாலு படம் தருகிறது. முதலாளிக்குச் செலவு மிச்சம். ஆனால் அந்தப் படங்களுக்கு உரிமை கோருவது சிக்கல். ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் ஏஐ உருவாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-ல் சொல்லிவிட்டது. மனிதர் கை இல்லாத இடத்தில் உரிமை இல்லை என்பது அதன் நிலை. ஏற்றுமதி செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: இன்று நீங்கள் சும்மா எடுத்த டிசைனை நாளை போட்டியாளரும் சும்மா எடுக்கலாம்.

தரத்திலும் குறை உண்டு. ஏஐ-யிடம் சிக்குக் கோலம் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் பிரமாதமாக இருக்கும். விரல் வைத்துக் கோட்டைத் தொடர்ந்தால் பல நேரம் எங்காவது அறுந்திருக்கும், அல்லது புள்ளி வெளியே விழுந்திருக்கும். கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது உடனே உறுத்தும். அந்தக் கண் இருக்கிறவர் ஏஐ-யையும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கண் இல்லாதவருக்கு முதலில் வேண்டியது நோட்டுப் புத்தகம்.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது

ஜவுளிக் கடையில் நாம் துணியைக் கசக்கிப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம், பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: "இந்த டிசைன் யார் போட்டது?" பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி பட்டறையைக் கேட்பார். கைத்தறிக்கும் புவிசார் குறியீட்டுக்கும் முத்திரை இருப்பது போல, அச்சுத் துணியின் ஓரத்தில் டிசைனரின் பெயரைப் போடும் வழக்கம் வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றில் இருக்கிறது. நம் நிறுவனங்களுக்கு அதில் ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தேடுபொறியை மூடிவிட்டு வாசலுக்குப் போய் வரையுங்கள். வரைந்ததை யாருக்கும் காட்டும் முன் பதிவு செய்யுங்கள். 50 துணி வரைக்கும்தான் சட்டம் சும்மா இருக்கிறவர் பக்கம் நிற்கும். பதிவு இல்லாமல் 51-வது துணி மெஷினில் ஏறிவிட்டால், உங்கள் பூவை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம்.